ஜூனில் 20 பேர், ஜனவரியில் 5 பேர்

தம்பி, பாலக்காட்டுக் கல்லூரியில் நீங்கள் தொடங்கிய தமிழ் மன்றத்தில் ஜூனில் 20 பேர் சேர்ந்து இப்போது 5 பேர்தான் மிச்சம் என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் கல்லூரி மன்றத்தின் கதையும் அதேதான். ஓணத்துக்குப் பூக்களம் போட எல்லாரும் வருவார்கள், அப்புறம் இன்டர்னல் தேர்வு வந்தால் ஆளே இருக்காது. வாராவாரக் கூட்டத்தை விடுங்கள், மாதம் ஒன்று போதும், அதுவும் மதிய இடைவேளையில், சாயங்காலம் வைத்தால் கோயம்புத்தூர் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிடுவார்கள். நவம்பர் 1 கேரளப் பிறவி, அதாவது கேரள மாநிலம் உருவான நாள் இருக்கிறதே, 1956-இல் அதே நாளில்தான் செங்கோட்டையும் கன்னியாகுமரிப் பகுதியும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன, அதை வைத்து மலையாளப் பிள்ளைகளையும் கூப்பிட்டுப் பேசவிடுங்கள், எங்களுக்கு அன்றுதான் அறை நிரம்பியது. பொங்கலுக்கு உங்கள் மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை, அதனால் பானையை முன்கூட்டியே வைத்துவிடுங்கள். சந்தாவை மட்டும் ஜூனிலேயே வாங்கிவிட வேண்டும், சரியா?