நைட் என்ற சொல்லில் கே எதற்கு?

கேள்வி: என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். ஆங்கில டிக்டேஷனில் பாதிக்குப் பாதி தவறு. இரவைக் குறிக்கும் ‘நைட்’, குதிரை வீரனைக் குறிக்கும் ‘நைட்’ இரண்டையும் மாற்றி மாற்றி எழுதுகிறாள். “சொல்லாத எழுத்தை எதுக்கும்மா எழுதணும்?” என்று கேட்டால், மனப்பாடம் செய் என்பதைத் தவிர எனக்குப் பதில் தெரியவில்லை. இதற்கு ஏதாவது ஒழுங்கு உண்டா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: உண்டு. உங்கள் மகள் சரியான இடத்தில்தான் கேள்வி கேட்டிருக்கிறாள். அவள் ‘சொல்லாத எழுத்து’ என்று சொல்பவற்றில் பெரும்பாலானவை ஒரு காலத்தில் வாயால் சொல்லப்பட்டவை. பேச்சு நகர்ந்து போய்விட்டது. எழுத்து நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது.

தமிழிலும் இது உண்டு. மரம், மறம் இரண்டையும் நம்மில் பெரும்பாலோர் ஒரே மாதிரிதான் சொல்கிறோம். ஆனாலும் ரகரத்தையும் றகரத்தையும் மாற்றி எழுதினால் ஆசிரியர் திருத்துவார். முன்னோர் அவற்றை வேறு வேறாக ஒலித்தார்கள். எழுத்து அதை இன்னும் வைத்திருக்கிறது. மகளிடம் இங்கிருந்தே தொடங்குங்கள்.

இப்போது அந்த ‘நைட்’டுக்கு வருவோம். 5ஆம் நூற்றாண்டு வாக்கில் இன்றைய ஜெர்மனி, டென்மார்க் கரைகளிலிருந்து கடல் தாண்டி பிரிட்டனில் குடியேறிய ஆங்கிள், சாக்சன் மக்களின் பேச்சுதான் பழைய ஆங்கிலம். அதில் குதிரை வீரனைக் குறிக்கும் இந்தச் சொல் ‘க்னிஹ்ட்’. சி, என், ஐ, எச், டி என்று ஐந்தே எழுத்து, ஐந்தும் ஒலித்தன. அன்று அதன் பொருள் பையன், ஏவலாள். நடுவில் வரும் ‘ஹ்’, ‘அஃது’ என்னும்போது நாம் ஆய்தத்தை உரசி ஒலிக்கிறோமே, அதற்கு நெருங்கியது. இரவுக்குச் சொல் ‘நிஹ்ட்’. ஆகவே இரண்டையும் காதாலேயே பிரித்துவிடலாம். டிக்டேஷனில் யாரும் தவறு செய்திருக்க முடியாது.

1066இல் பிரான்சின் நார்மண்டியிலிருந்து வந்த, பிரெஞ்சு பேசிய நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அடுத்த நூற்றாண்டுகளில் பிரெஞ்சு வழக்கத்தில் பயின்ற எழுத்தர்கள் ஆங்கிலத்தைத் தங்கள் முறைப்படி எழுதத் தொடங்கினார்கள். அந்த உரசல் ஒலிக்கு ஜி, எச் என்று இரண்டு எழுத்து வந்தது. முன்னால் இருந்த சி, கே ஆனது. பின்னர் உரசல் மெல்ல மறைந்தது. 17ஆம் நூற்றாண்டு வாக்கில் ‘க்’ ஒலியும் உதிர்ந்தது. எழுத்து மட்டும் தங்கிவிட்டது. ஜெர்மன் மொழியில் இதன் உறவுச் சொல்லில் அந்த ‘க்’ இன்றும் கேட்கிறது.

இதிலிருந்தே பயன்படும் விதிகள் கிடைக்கின்றன. ஆங்கிலத்தின் சொந்தச் சொற்களில் தொடக்கத்தில் கே-யும் என்-னும் சேர்ந்து வந்தால் கே ஒலிக்காது: தெரியும் என்ற நோ, முழங்காலுக்கான நீ, நைஃப், முடிச்சுக்கான நாட். டபிள்யூ-வும் ஆர்-உம் சேர்ந்தாலும் அப்படியே: எழுதுவதற்கான ரைட், தவறுக்கான ராங், மணிக்கட்டுக்கான ரிஸ்ட். ஐ-க்குப் பின் வரும் ஜிஎச் பேசாது: லைட், உயரத்துக்கான ஹை, எட்டுக்கான எய்ட். யு-க்குப் பின் வரும் ஜிஎச்தான் தொல்லை. அந்த உரசல் சில வட்டாரங்களில் ‘ஃப்’ ஆக மாறியது, சிலவற்றில் மறைந்தது. இரண்டும் கலந்து நிலைத்துவிட்டன. ‘ஃப்’ ஒலிப்பவை கொஞ்சம்தான். பள்ளி அளவுக்கு காஃப், ரஃப், டஃப், எனஃப், லாஃப் ஐந்தையும் ஒரு சீட்டில் எழுதி ஒட்டுங்கள். த்ரூ, தாட், டாட்டர் போன்ற மற்றவற்றில் அது மௌனம் என்று வைத்துக்கொண்டால் அநேகமாகப் பிழை வராது.

அடுத்தது உயிரெழுத்து. பிள்ளைகளுக்கு உண்மையான குழப்பம் இங்கேதான். 1476இல் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் தொடங்கினார். அச்சு பரவப் பரவ எழுத்துக்கூட்டல் உறையத் தொடங்கியது. அதே காலத்தில் பேச்சில் நெட்டுயிர்கள் எல்லாம் இடம் மாறிக்கொண்டிருந்தன. ஏறத்தாழ 1400 முதல் 1700 வரை நடந்த இதைப் ‘பெரும் உயிரொலி மாற்றம்’ என்பார்கள். அதற்கு முன் நேரத்துக்கான டைம் ‘டீம’. வீட்டுக்கான ஹவுஸ் ‘ஹூஸ்’. பெயருக்கான நேம் ‘நாம’. பாதங்களுக்கான ஃபீட் ‘ஃபேட்’. நிலவுக்கான மூன் ‘மோன்’. டைம், நேம் இரண்டின் கடைசியில் இன்று சும்மா நிற்கும் ஈ-யும் ஓர் உயிராக ஒலித்தது.

எழுத்துகளின் பெயர்கள்கூட இதில் மாறின. இன்று நாம் ஏ என்பது அன்று ‘ஆ’, ஈ என்பது ‘ஏ’, ஐ என்பது ‘ஈ’. இதை மகளுக்கு விளக்க அவளுக்குத் தெரிந்த பெயர்களே போதும். சீதா, கீதா என்ற பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது ‘ஈ’ ஒலிக்கு ஐ-யையும், ‘ஆ’ ஒலிக்கு ஏ-யையும் பலர் போடுவதுண்டு. அந்தப் பழைய மதிப்பு அதுதான். அதை வைத்து டைம், நேம், ஃபைவ் ஆகியவற்றைப் பழைய முறையில் ஒருமுறை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். எழுத்துக்கூட்டல் சரியாகவே இருப்பது அவள் காதுக்கே புரியும்.

மாறியவை நெட்டுயிர்கள். குற்றுயிர்கள் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருந்தன. அதனால்தான் சைல்ட் பன்மையில் சில்ட்ரன் ஆகிறது, வைஸ் என்பதிலிருந்து விஸ்டம் வருகிறது, கீப் கடந்த காலத்தில் கெப்ட் ஆகிறது. எழுதும்போது ‘ஐ’ ஒலிக்கு எந்த எழுத்து என்று அவளுக்குச் சந்தேகம் வந்தால், குற்றுயிர் வரும் உறவுச் சொல்லைத் தேடச் சொல்லுங்கள். டிவைன் என்பதற்கு டிவினிட்டி. அதில் கேட்கும் ‘இ’ போதும், எழுத்து ஐ என்று தெரிந்துவிடும்.

எல்லா ஊமை எழுத்தும் பழைய ஒலியின் மிச்சம் அல்ல. சில பண்டிதர்கள் திணித்தவை. கடனுக்கான டெட் பிரெஞ்சிலிருந்து வந்தபோது அதில் அந்தப் பி (ஆங்கில அகரவரிசையில் ஏ-வுக்கு அடுத்து வருவது) கிடையாது. லத்தீன் மூலத்தில் இருக்கிறதே என்று 15, 16ஆம் நூற்றாண்டுகளில் சேர்த்தார்கள். சந்தேகத்துக்கான டவுட்டிலும் அப்படியே. தீவுக்கான ஐலண்டில் உள்ள எஸ் வெறும் தவறு: அது ஆங்கிலத்தின் சொந்தச் சொல், லத்தீன் வழிச் சொல் என்று நினைத்து நுழைத்துவிட்டார்கள். ரசீதுக்கான ரிசீட்டில் இன்னொரு பி-யை (அகரவரிசையில் ஓ-வுக்கு அடுத்து வருவது) சேர்த்தவர்கள், வஞ்சகத்துக்கான டிசீட்டில் சேர்க்கவில்லை. இப்படிப்பட்ட இடங்களில் விதி தேடி அலையாதீர்கள். ஆனால் பல ஊமை எழுத்துகள் உறவுச் சொல்லில் வாய் திறக்கும்: டெட் – டெபிட், சைன் – சிக்னேச்சர், பாம் – பாம்பார்ட், மசில் – மஸ்குலர். இரண்டையும் சேர்த்து எழுதிப் பழகினால் அந்த எழுத்து விடுபடாது.

நடைமுறைக்கு ஒரு நோட்டு போதும். நான்கு பத்தி போடுங்கள்: சொந்தச் சொல், பிரெஞ்சு, கிரேக்கம், விதிக்கு அடங்காத தனிச்சொல். தவறிய சொல்லை அகராதியில் பார்த்து, மூலம் எதுவோ அந்தப் பத்தியில் எழுதச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து சொல்லுக்கு மேல் வேண்டாம். வேண்டியது மூலத்தைக் கவனிப்பது. சிஎச் எழுத்துகளை வைத்து இதன் பயனை உடனே பார்க்கலாம். சொந்தச் சொற்களிலும் பழைய பிரெஞ்சுச் சொற்களிலும் அது ‘ச்’: சைல்ட், சேர். பிற்காலப் பிரெஞ்சில் ‘ஷ்’: ஷெஃப், மெஷின். கிரேக்கத்தில் ‘க்’: ஸ்கூல், கெமிஸ்ட்ரி. ‘ஃப்’ ஒலிக்கு பிஎச் வந்தாலோ, சிஸ்டம் போல நடுவில் ‘இ’ ஒலிக்கு ஒய் வந்தாலோ, பெரும்பாலும் கிரேக்கப் பத்திதான்.

பிள்ளைகள் அடிக்கடி சறுக்குவது பக்கத்துச் சொல்லைப் பார்த்து எழுதுவதில். அது அவர்கள் மட்டும் செய்த பிழையும் அல்ல. டிலைட் என்ற பிரெஞ்சு வழிச் சொல்லில் ஜிஎச்சுக்கு இடமே இல்லை. லைட், நைட் இரண்டையும் பார்த்துப் பெரியவர்களே எழுதிவிட்டார்கள். முடியும் என்பதற்கான குட்டில் உள்ள எல், வுட், ஷுட் இரண்டையும் பார்த்து ஒட்டிக்கொண்டது. இவை தனிச்சொல் பத்திக்குப் போகட்டும். ராணுவப் பதவியான கர்னலும் அங்கேதான். ஆர் உள்ள ஒரு வடிவமும் எல் உள்ள ஒரு வடிவமும் சேர்ந்தே வழங்கி, கடைசியில் எழுத்துக்கு எல்-உம் வாய்க்கு ஆர்-உம் நிலைத்துவிட்டன. அந்தப் பத்திச் சொற்களை மட்டும் வாரம் ஒருமுறை எழுதிப் பார்த்து மனப்பாடம் செய்யத்தான் வேண்டும்.