‘ராஜினாமா எழுதிக் கொடு’ என்கிறார் டைரக்டர், என் ஓ.ரி. காசு என்னாகும்?

கேள்வி:

புறக்கோட்டையில் ஒரு இறக்குமதிக் கம்பனியின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். சேர்ந்து நாலு வருடமும் எட்டு மாதமும் ஆகிறது. அடிப்படைச் சம்பளம் 60,000 ரூபாய். மொத்தம் 22 பேர் இருக்கிறோம். கிழமை நாட்களில் காலை 8.30 முதல் மாலை 5.30 வரை, சனிக்கிழமை ஒன்றரை மணி வரை என்று நியமனக் கடிதத்தில் உள்ளது. இரண்டு வருடத்துக்கு முன் என்னோடு இருந்தவர் கனடா போய்விட்டார். அவருடைய வேலையும் என் தலையில்தான். கிழமையில் நாலு நாள் வெளிக்கிட இரவு ஏழரை ஆகிறது. சில போயா (பௌர்ணமி விடுமுறை) தினங்களில் ஸ்டொக் எடுக்கவும் கூப்பிடுகிறார்கள். ஓ.ரி. (மேலதிக நேரக் கொடுப்பனவு) கேட்டால் ‘நீங்கள் எக்செகியூட்டிவ், உங்களுக்குக் கிடையாது’ என்கிறார்கள். போன மாதம் ஈமெயிலில் கேட்டேன். இந்தக் கிழமை டைரக்டர் கூப்பிட்டு, ஆங்கிலத்தில் டைப் செய்த ராஜினாமாக் கடிதத்தை நீட்டினார். மாத முடிவோடு விலகினால் ஒரு மாதச் சம்பளமும் நல்ல சேவைச் சான்றிதழும் தருவாராம். இல்லாவிட்டால் விசாரணை வைத்து அனுப்புவாராம், பிறகு கொழும்பில் எங்கேயும் வேலை கிடைக்காதாம். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். என்ன செய்வது?

பதில்:

கையெழுத்து வைக்க வேண்டாம். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

உங்கள் டைரக்டர் இரண்டு வேறு விடயங்களை ஒன்றாக முடிச்சுப் போட்டிருக்கிறார். செய்த வேலைக்கான ஓ.ரி. கம்பனி உங்களுக்குத் தர வேண்டிய கடன். நீங்கள் இருந்தாலும் போனாலும் அது கடன்தான். வேலையில் நீடிப்பதா விலகுவதா என்பது வேறு கதை. ‘ஓ.ரி. கேட்டால் வேலை போகும்’ என்ற பயத்தில் மனிதர்கள் இரண்டையும் சேர்த்துத் தொலைக்கிறார்கள்.

அவருக்கு உங்கள் கடிதம் ஏன் இவ்வளவு அவசரமாக வேண்டியிருக்கிறது? அனுப்ப அதிகாரம் இருக்கிறதென்றால் அனுப்பிவிட்டுப் போகலாமே. அங்கேதான் 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் குறுக்கே நிற்கிறது. வேலை முடிவுறுத்தல் சட்டம் என்று சுருக்கமாகச் சொல்வோம். 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், முந்திய பன்னிரண்டு மாதத்தில் 180 நாள் வேலை செய்த ஒருவரை, ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் நிறுத்துவதென்றால் இரண்டில் ஒன்று வேண்டும். ஒன்று, அந்த ஊழியரின் எழுத்துமூலச் சம்மதம். அல்லது தொழில் திணைக்களத்தின் தலைவரான தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன்கூட்டிய எழுத்துமூல அனுமதி. இரண்டும் இல்லாமல் நிறுத்தினால் அது சட்டப்படி செல்லாது. ஆணையாளரிடம் போனால் ஏன், எதற்கு என்று கேட்பார்கள், நட்டஈடு பற்றியும் பேச்சு வரும். உங்கள் ஒரு கையெழுத்து இருந்தால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. நீங்களாகவே போனீர்கள், அவ்வளவுதான்.

அந்த நட்டஈடு எவ்வளவு வரும் என்று ஒரு தடவை கணக்குப் பாருங்கள், கணக்குப் பிரிவில்தானே இருக்கிறீர்கள். 2005இல் வர்த்தமானியில் வந்த சூத்திரத்தின்படி, முதல் ஐந்து வருட சேவைக்குள் இருப்பவருக்குப் பூர்த்தியான ஒவ்வொரு வருடத்துக்கும் இரண்டரை மாதச் சம்பளம். உங்களுக்கு நாலு வருடம் பூர்த்தி. பத்து மாதச் சம்பளம், அதாவது ஆறு இலட்சம். டைரக்டர் தருவதாகச் சொல்வது அறுபதாயிரம்.

இன்னொன்றை நீங்கள் கவனித்ததாகத் தெரியவில்லை. நாலு வருடமும் எட்டு மாதமும் என்று எழுதியிருக்கிறீர்கள். இன்னும் நாலு மாதம் போனால் ஐந்து வருடம். 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டத்தின்படி, 15 பேருக்குக் குறையாத இடத்தில் ஐந்து வருடம் பூர்த்தி செய்தவர் எந்தக் காரணத்தால் விலகினாலும், தானாக ராஜினாமா செய்தாலும்கூட, வருடத்துக்கு அரைமாதச் சம்பளம் வீதம் பணிக்கொடை பெற வேண்டும். அதுவும் 30 நாட்களுக்குள். உங்கள் சம்பளத்துக்கு அது 1,50,000 ரூபாய். இந்த மாத முடிவில் போனால் அந்த உரிமை வராது. டைரக்டர் இதைக் கணக்குப் போட்டுத்தான் செய்கிறாரா என்று எனக்குத் தெரியாது. ஐந்து வருடம் நெருங்கும் நேரத்தில் இப்படிக் கடிதம் நீட்டுவது மட்டும் கொழும்பில் புதிது இல்லை.

சரி, ஓ.ரி.க்கு வருவோம். உங்களுக்குப் பொருந்துவது 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம். சாப்பாட்டு நேரம் போக ஒரு நாளைக்கு எட்டு மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம். உங்கள் நியமனக் கடிதத்தில் உள்ள நேரம் அச்சொட்டாக அதுதான். அதற்கு மேல் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு. மாதச் சம்பளத்தை 240ஆல் வகுத்தால் மணித்தியாலத்துக்கு 250 ரூபாய், ஒன்றரை மடங்கு 375. கிழமைக்கு நாலு நாள், நாளுக்கு இரண்டு மணித்தியாலம் என்றால் எட்டு மணித்தியாலம், 3,000 ரூபாய். லீவு, பண்டிகை எல்லாம் கழித்து வருடத்துக்கு 48 கிழமை என்று வைத்தாலும் இரண்டு வருடத்துக்கு 2,88,000 ரூபாய் வருகிறது. இரண்டு வருடமும் இதே சம்பளம் இருந்ததா என்று பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். போயா தினத்தில் வேலை செய்ததற்கு விடுமுறைச் சட்டத்தின்படி நாட்சம்பளம் ஒன்றரை மடங்காக வர வேண்டும். அதைத் தனியாக எழுதுங்கள்.

‘எக்செகியூட்டிவ்’ கதைக்கு வருகிறேன். உண்மையிலேயே நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர் விடயத்தில் கம்பனி இந்த வாதத்தை வைக்கும், அதில் பலமும் இருக்கலாம். ஆனால் விசிட்டிங் கார்ட்டில் என்ன அச்சடித்திருக்கிறது என்பதை வைத்து மட்டும் இது முடிவாகாது. உங்களுக்குக் கீழே யாராவது இருக்கிறார்களா? ஒருவரை வேலைக்கு எடுக்கவோ, லீவு கொடுக்கவோ உங்களால் முடியுமா? ஐயாயிரம் ரூபாய் வவுச்சரையாவது நீங்களாக அனுமதிக்கலாமா? இன்வொயிஸ் பதிவதும் பாங்க் ரிகன்சிலியேஷன் செய்வதும்தான் வேலை என்றால், செய்யும் வேலையால் நீங்கள் எழுதுவினைஞர். இந்த நாட்டில் சம்பளம் கூட்ட மனமில்லாத இடங்களில் பதவிப் பெயரைக் கூட்டிக் கொடுப்பார்கள்.

அடுத்து ‘ஓ.ரி.க்கு நாங்கள் அனுமதி கொடுக்கவில்லை, அவராகவே இருந்தார்’ என்பார்கள். இதற்குச் சாட்சி உங்கள் கைப்பேசியிலேயே இருக்கும். இரவு ஏழு மணிக்கு ‘அந்த ஸ்டேட்மென்டை முடித்துவிட்டுப் போங்கோ’ என்று மேலாளர் அனுப்பிய வட்ஸ்அப். நீங்கள் 7.20க்கு அனுப்பிய ஈமெயில். மழை நாளில் புறக்கோட்டையில் இருந்து பிக்மீயில் போயிருந்தால், எத்தனை மணிக்கு எங்கே ஏறினீர்கள் என்று அந்தச் செயலியில் பழைய பயணங்கள் கிடக்கும். கைவிரல் மெஷின் பதிவு கம்பனியிடம்தான் இருக்கும், அதைத் தொழில் உத்தியோகத்தர் கேட்டு வாங்குவார். இவற்றை வைத்து நாள், வந்த நேரம், போன நேரம், என்ன வேலை என்று ஒரு கொப்பியில் எழுதத் தொடங்குங்கள். ஒன்று மட்டும் கவனம்: வாடிக்கையாளர் பட்டியல், கம்பனிக் கணக்கு என்று எதையும் பென்டிரைவில் போட்டு வீட்டுக்குக் கொண்டு வராதீர்கள். அவர் மிரட்டும் விசாரணைக்கு நீங்களே காரணம் எடுத்துக் கொடுத்தது போலாகிவிடும்.

வெள்ளிக்கிழமை டைரக்டரின் அறையில் சண்டை வேண்டாம், சட்டம் பேசவும் வேண்டாம். ‘சேர், எனக்கு விலக யோசனை இல்லை’ என்று சொல்லிவிட்டு வெளியே வாருங்கள். அன்று இரவே ஒரு ஈமெயில் போட வேண்டும். கம்பனியில் எந்த மொழியில் எழுதுவீர்களோ அந்த மொழியில், இந்த அளவில் போதும்:

‘இன்ன திகதி என்னை அழைத்து, முன்பே தயாரித்த ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்திடுமாறு கேட்டீர்கள். நான் ராஜினாமா செய்யவில்லை, செய்யும் எண்ணமும் இல்லை. வழமைபோல் நாளை சனிக்கிழமையும் வேலைக்கு வருவேன். இன்ன திகதி ஈமெயிலில் நான் கேட்ட மேலதிக நேரக் கொடுப்பனவுக்குப் பதில் தருமாறு பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன்.’

இதன் பிரதி உங்கள் சொந்த ஈமெயில் முகவரிக்கும் போகட்டும். வெளியே போடும் நாளில் முதலில் பூட்டுவது கம்பனி ஈமெயிலைத்தான். பிறகு சொன்னபடி சனிக்கிழமை போய் நில்லுங்கள். கோபத்தில் இரண்டு நாள் வீட்டில் இருந்தால் ‘வேலையைக் கைவிட்டுப் போனார்’ என்று கடிதம் வரும். வாசலில் செக்யூரிட்டி மறித்தால், அந்த இடத்தில் நின்றே டைரக்டருக்கு ஒரு செய்தி அனுப்பிவிட்டு, பக்கத்துப் பொலிஸில் ஒரு பதிவு போடுங்கள். பொலிஸ் உங்களை உள்ளே அனுப்பி வைக்காது. நீங்கள் வேலைக்கு வந்தீர்கள் என்பதற்குத் திகதியோடு ஒரு அத்தாட்சி, அதற்காகத்தான்.

விசாரணை வைப்பேன் என்ற மிரட்டலைப் பற்றி: வைக்கட்டும். குற்றம் என்ன என்று எழுத்தில் கேளுங்கள், எழுத்தில் பதில் கொடுங்கள். ஒழுக்காற்றுக் காரணத்துக்காக நிறுத்தினால், நிறுத்திய பின் இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று நான் மேலே சொன்ன 1971ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. ஓ.ரி. கேட்டது குற்றமாகாது.

ஓ.ரி. முறைப்பாட்டை வேலையில் இருந்துகொண்டே தொழில் திணைக்களத்தில் கொடுக்கலாம். தலைமையகம் நாரஹேன்பிட்ட மெஹெவர பியச கட்டடத்தில் இருக்கிறது. புறக்கோட்டைக்குரிய காரியாலயம் எது என்று அங்கேயே கேட்டுக்கொள்ளலாம். செலவில்லை, சட்டத்தரணியும் தேவையில்லை. முறைப்பாட்டைத் தமிழில் எழுதிக் கொடுக்க உங்களுக்கு அரசியலமைப்பு உரிமை இருக்கிறது. கவுன்டரில் ‘சிங்களத்தில் எழுதிக்கொண்டு வாங்கோ’ என்றால் பணிவாக, ஆனால் விடாமல் நில்லுங்கள். முறைப்பாடு போனதும் யார் கொடுத்தது என்று டைரக்டருக்கு விளங்கிவிடும், 22 பேர் உள்ள இடத்தில் அதை மறைக்க முடியாது. என் அபிப்பிராயம், ஈமெயிலுக்கு இரண்டு கிழமை பார்த்துவிட்டுப் பதில் இல்லையென்றால் கொடுங்கள். ஐந்து வருடம் பூர்த்தியாகும் வரை வாயை மூடிக்கொண்டு இருக்கலாம் என்று வீட்டில் யாராவது சொல்லக்கூடும். ராஜினாமாக் கடிதம் மேசைக்கு வந்த பிறகு, எழுத்தில் எதுவும் இல்லாமல் இருப்பதுதான் உங்களுக்கு அதிக ஆபத்து.

இந்தப் பதில் உங்கள் கைக்கு வருமுன் கையெழுத்து வைத்துவிட்டீர்களா? அப்படியானால் நாளைக்கே பதிவுத் தபாலில் எழுதுங்கள்: இன்ன நாள், இன்னார் முன்னிலையில், இன்ன மிரட்டலால் கையெழுத்து வைத்தேன், அதை மீளப் பெறுகிறேன் என்று. கட்டாயப்படுத்தி வாங்கிய ராஜினாமாவை மறைமுகமான வேலை நீக்கமாகக் கருதித் தொழில் நியாய சபை தீர்ப்பளிக்கலாம். ஆனால் வழக்கு கனமாகும். கம்பனி ‘ஆம், நிறுத்தினோம்’ என்று ஒத்துக்கொண்டால் நிறுத்தியது நியாயம் என்று அவர்கள்தான் காட்ட வேண்டும். உங்கள் கையெழுத்தோடு கடிதம் இருந்தால், விருப்பப்பட்டுப் போகவில்லை என்று நீங்கள் காட்ட வேண்டும். மூன்று மாதம் கழித்து இதைச் சொன்னால் நம்ப வைப்பது கஷ்டம், மூன்றாம் நாள் எழுதியிருந்தால் கதை வேறு.

வேலையை விட்டு நிறுத்தியே விட்டால் இரண்டு கதவு உண்டு: 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஆணையாளர், அல்லது கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் கீழ் தொழில் நியாய சபை. ஒரே நேரத்தில் இரண்டிலும் நுழைய முடியாது. ஒழுக்காற்றுக் காரணம் காட்டி நிறுத்தினால் நியாய சபை, காரணமே இல்லாமல் நிறுத்தினால் பெரும்பாலும் ஆணையாளர். எதுவானாலும் ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். நியாய சபையில் நடவடிக்கை சிங்களத்தில் நடந்தால், மொழிபெயர்ப்பாளரை அரசு தர வேண்டும். கையில் காசு இல்லையென்றால் புதுக்கடையில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, வருமானத்தைப் பார்த்து உதவுவார்கள். எந்தக் கதவுக்குப் போனாலும் நியமனக் கடிதம், கடைசிச் சம்பளச் சிட்டைகள், சேமலாப நிதிக் கூற்று, அந்தக் கொப்பி எல்லாம் கையில் இருக்கட்டும். நிறுத்தற் கடிதம் தபாலில் வந்தால் உறையையும் எறியாதீர்கள், ஆறு மாதக் கணக்கில் சண்டை வந்தால் அதில் குத்தியிருக்கும் தபால் முத்திரைத் திகதி தேவைப்படும்.