நகலெடுக்க முடியாத மென்பொருள்: மகள் ஆசைப்படுகிறாள், என்ன படிக்க வைக்கலாம்?

பிளஸ் டூ படிக்கும் மகள், "யாராலும் காப்பி எடுக்க முடியாத மென்பொருள் செய்யப் படிக்கணும்" என்கிறாள், அப்படியொரு துறை இருக்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். இருக்கிறது. ஆனால் இன்றைக்குப் பெரும்பாலும் தாளில்தான்.

அடிப்படை எளிது. அணு, ஒளித்துகள் போன்ற மிக நுண்ணிய பொருள்கள் இருக்கும் நிலையைக் குவாண்டம் நிலை என்பார்கள். முன்பின் தெரியாத குவாண்டம் நிலையை அச்சு அசலாக நகலெடுக்க முடியாது என்று 1982-ல் இயற்பியலாளர்கள் வூட்டர்ஸ், ஸூரெக் இருவரும், தனியாக டீக்ஸும் நிறுவினார்கள். நகல் கருவி ஒன்று ஏ-யை ஏஏ ஆக்கும், பி-யை பிபி ஆக்கும் என்று வையுங்கள். ஏ ப்ளஸ் பி கலந்த நிலையைக் கொடுத்தால், குவாண்டம் விதிப்படி அது ஏஏ ப்ளஸ் பிபி-தான் தரும். சரியான நகலுக்கோ ஏ ப்ளஸ் பி ஹோல் ஸ்கொயர் வேண்டும். பள்ளியில் பிள்ளைகள் மறந்துவிட்டுத் திட்டு வாங்கும் அதே டூ ஏபி இங்கேயும் விடுபட்டுப்போகிறது!

இதை வைத்து மென்பொருளையே குவாண்டம் நிலையாக்கிப் பூட்டலாம் என்று கணினி அறிவியலாளர் ஸ்காட் ஆரன்சன் 2009-ல் எழுதினார். எல்லா மென்பொருளுக்கும் இது பலிக்காது என்று, சில கணித அனுமானங்களின் பேரில், ஆய்வாளர்கள் பிரபஞ்சன் ஆனந்தும் லா பிளாக்காவும் 2020-ல் காட்டினார்கள். அந்த நிலையைக் கலையாமல் நெடுநாள் வைத்திருக்கும் நினைவகமும் இன்னும் கைக்கு வரவில்லை. ஆக, இதிலேயே இறங்க நினைத்தால் பிஎச்டி வரை போக வேண்டும். வீட்டில் இப்போதே பேசிவிடுங்கள்.

சம்பளம் தரும் வேலை பக்கத்து அறையில் இருக்கிறது. குவாண்டம் நிலைகளை வைத்துக் கணக்கிடும் குவாண்டம் கணினிக்கும் அசையாத மறையாக்க முறைகள் (தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டும் முறைகள்) மூன்றை, அமெரிக்காவின் தரநிலை அமைப்பான நிஸ்ட் 2024 ஆகஸ்டில் தரநிலையாக வெளியிட்டது. வங்கி, தொலைத்தொடர்பு எல்லாம் படிப்படியாக இந்த முறைகளுக்கு மாற வேண்டும். அதற்குச் சாதாரணக் கணினியே போதும், ஆள்தான் வேண்டும். இந்தியாவில் மத்திய அரசின் தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு 6,003 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கியிருக்கிறார்கள். அதன் தகவல்தொடர்பு மையம் சென்னை ஐஐடியில்.

கல்லூரி விளம்பரத்தில் 'குவாண்டம்' என்று பார்த்ததும் பணம் கட்டிவிடாதீர்கள். பாடத்திட்டத்தை வாங்கி, நேரியல் இயற்கணிதமும் (லீனியர் அல்ஜீப்ரா) நிகழ்தகவும் எத்தனை செமஸ்டர் என்று பாருங்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ், இயற்பியல், கணிதம் எதுவானாலும் சரி. சிறுசேரியில் உள்ள சென்னை கணிதக் கழகத்தின் நுழைவுத்தேர்வையும் எழுதட்டும்.

அதற்கு முன், மேலே சொன்ன டூ ஏபி கணக்கை அவளிடம் கொடுங்கள். இரவுச் சாப்பாட்டை மறந்து உட்கார்ந்தாள் என்றால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.