டெல்லிப் பனியும் பாளையங்கோட்டை டீச்சரின் கேமராவும்

கேள்வி: பாளையங்கோட்டையில் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வயது 61. ஓய்வுப் பணத்தில் ஒரு கேமராவும் அதோடு வந்த 18-55 லென்ஸும் வாங்கினேன். வெள்ளன எழுந்து வண்ணார்பேட்டை ஆற்றங்கரை, குறுக்குத்துறை என்று நடந்து படம் எடுக்கிறேன். நன்றாக இருக்கிறது என்றுதான் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். போன மார்கழியில் டெல்லி மயூர் விஹாரில் மகன் வீட்டில் இருந்தபோது இந்தியா கேட், செங்கோட்டை, லோதி தோட்டம் என்று விடியக்காலையிலேயே போய் எடுத்தேன். பாதிப் படங்கள் சாம்பல் பூத்து வந்தன. மீதி, காலண்டரில் பார்த்த படங்களாகவே இருந்தன. ஹிந்தி தெரியாததால் ஆட்களை எடுக்கக் கூச்சம். "இந்தக் குளிர்ல எதுக்கு அத்தை?" என்கிறாள் மருமகள். வருகிற டிசம்பரில் மறுபடி போகிறேன். பெரிய லென்ஸ் வாங்கினால் சரியாகுமா? இல்லை, கேமராவை ஊரிலேயே வைத்துவிட்டுப் போகட்டுமா?
— ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: கேமராவைக் கொண்டு போங்கள், டீச்சர். லென்ஸைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

சாம்பல் விவகாரத்தை முதலில் முடித்துவிடுவோம். அதில் உங்கள் கைக்குற்றம் எதுவும் இல்லை. எதைக் காட்டினாலும் அது சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறத்தில் இருக்கும் என்று வைத்துக்கொண்டுதான் கேமராவின் மீட்டர் கணக்குப் போடுகிறது. டெல்லிக் குளிர்கால மூடுபனி மாதிரி வெள்ளையாக ஒன்றைக் காட்டினால், வெளிச்சம் கூடிப்போயிற்று என்று தானாகக் குறைத்துவிடும். ப்ளஸ், மைனஸ் குறி போட்ட எக்ஸ்போஷர் பட்டன் ஒன்று உங்கள் கேமராவில் இருக்கும். அதை ப்ளஸ் ஒன்றில் வையுங்கள். பனி ரொம்ப அடர்த்தி என்றால் ஒன்றரை. அதோடு, பக்கத்தில் கருப்பாக ஏதாவது ஒன்று படத்துக்குள் இருக்கட்டும்: வேப்ப மரத்தின் தூர், நிறுத்தி வைத்த சைக்கிள் ரிக்‌ஷா, விளக்குக் கம்பம். ஃபோகஸையும் அதன் விளிம்பில் வைத்துவிடுங்கள். வெறும் பனியில் ஃபோகஸ் பிடிபடாமல் லென்ஸ் முன்னும் பின்னும் அலையும்.

அடுத்தது நேரம். உங்கள் மருமகளோடு சமாதானமாகப் போக வழி இருப்பதும் இதில்தான். திருநெல்வேலியும் டெல்லியும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில், 77 டிகிரி சொச்சத்தில் இருக்கின்றன. அட்சரேகைதான் வேறு. நாம் 8.7 டிகிரியில், அவர்கள் 28.6 டிகிரியில். டிசம்பர் கடைசியில் இங்கே ஆறரை மணி சுமாருக்கு உதிக்கிற சூரியன் அங்கே ஏழேகாலுக்குத்தான் தலைகாட்டும். (ஜூனில் கதை தலைகீழ். அங்கே ஐந்து இருபத்தைந்துக்கே விடிந்துவிடும், இங்கே ஆறு ஆகும்.) வந்த பிறகும் அந்தச் சூரியன் சாய்ந்துதான் ஏறும். நண்பகலில்கூட டெல்லியில் 38 டிகிரி உயரம்தான், நமக்கு 58. இங்கே காலை எட்டரைக்கு வெயில் நிற்கிற உயரத்தை அங்கே தொட ஒன்பதே முக்கால் ஆகிவிடும். பாளையங்கோட்டைப் பழக்கத்தில் கருக்கலிலேயே கிளம்ப வேண்டிய அவசியமே இல்லை. பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, ஒரு காபி குடித்துவிட்டு எட்டரைக்குப் போனாலும் நீளமான நிழலும் மஞ்சள் வெளிச்சமும் மிச்சம் இருக்கும்.

குளிரைவிடக் காற்றுக்குத்தான் நீங்கள் பயப்பட வேண்டும். குளிர்காலத்தில் டெல்லியின் புகை தரையோடு அமுங்கிக் கிடக்கும், விடியற்காலையில் அது இன்னும் மோசம். காற்றுத் தரக் குறியீட்டைக் கைபேசியில் பார்த்துவிட்டு இறங்குங்கள். 300-ஐத் தாண்டினால் 'மிக மோசம்', 400-ஐத் தாண்டினால் 'கடுமை' என்பது அரசு வைத்திருக்கும் கணக்கு. அந்த நாட்களில் மருமகள் சொல்வதைக் கேட்டு வீட்டிலேயே இருங்கள். சன்னல் ஓரத்தில் பட்டாணி உரிக்கிற கைகளை எடுங்கள். மற்ற நாட்களிலும் என்95 முகக்கவசம் பையில் இருக்கட்டும்.

இனி காலண்டர் படங்கள். இந்தியா கேட்டை ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் லட்யன்ஸ் வடிவமைத்தார், 1931-ல் திறந்தார்கள், உயரம் 42 மீட்டர். அன்றிலிருந்து எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நின்றுதான் அதை எடுத்துவருகிறார்கள். நீங்களும் அங்கேயே போய் நின்றால் வேறு படம் எப்படிக் கிடைக்கும்? குறுக்குத்துறையில் உங்கள் படம் நன்றாக வருவதற்குக் காரணம் ஆற்றுக்குள் நிற்கும் முருகன் கோயில் மட்டுமில்லை. எந்தப் படித்துறைக்கு யார் எத்தனை மணிக்கு வருவார், ஈரச் சேலையை எந்தப் பாறையில் விரிப்பார், தண்ணீர் ஏறினால் எந்தப் படிவரை நிற்கும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். டெல்லியிலோ ஒவ்வொரு விடியலுக்கும் ஒவ்வொரு இடமாகப் போயிருக்கிறீர்கள். நெல்லையப்பர் கோயிலை முக்கால் மணி நேரத்தில் முடிக்கிற டூரிஸ்ட் பஸ் மாதிரி.

இந்தத் தடவை மயூர் விஹாரை விட்டு நகராதீர்கள். அது ஒன்றும் காய்ந்த இடமில்லை. மதர் டெய்ரி பூத்தில் பால் தூக்கோடு நிற்கும் வரிசை, நடைபாதையில் பேப்பர் பிரித்து அடுக்கும் பையன்கள், ஃபேஸ்-1 பகுதியில் குருவாயூரப்பன் கோயிலுக்குக் குளித்துவிட்டு வரும் மலையாளிகளும் நம்மவர்களும் இருக்கிறார்கள். மேற்கே இறங்கினால் யமுனைப் படுகை. அங்கே முள்ளங்கியும் கீரையும் பறித்து, கழுவி, கட்டுக் கட்டுகிறவர்களைப் பார்க்கலாம். தனியாக இறங்க வேண்டாம், மகனையோ பக்கத்து வீட்டுக்காரரையோ கூட்டிக்கொள்ளுங்கள். நாலு நாள் ஒரே நேரத்தில் ஒரே டீக்கடையில் சாயா குடித்தால் ஐந்தாம் நாள் அந்தக் கடைக்காரரே உங்களுக்கு ஸ்டூல் போடுவார்.

தோவாளை பூச்சந்தையை எடுத்திருக்கிறீர்களா? இல்லையென்றால் கிளம்பும் முன் ஒரு நடை போய்வாருங்கள். மயூர் விஹாரிலிருந்து சற்றுத் தூரத்தில் காஜிப்பூரில் மொத்தப் பூ மண்டி இருக்கிறது. காஜிப்பூர் என்றால் டெல்லிக்காரர்களுக்கு ஞாபகம் வருவது அங்கிருக்கும் குப்பை மலையும் மேலே வட்டமிடும் பருந்துகளும்தான். ஆனால் மண்டிக்குள் சாக்குச் சாக்காகச் செவ்வந்தி, துலுக்க சாமந்தி, ரோஜா. கூவல், பேரம், தலைச்சுமை எல்லாம் தோவாளையில் பார்த்ததுதான். ஆள் எப்போது குனிவார், எப்போது சுமையைத் தூக்குவார் என்று உங்கள் கண்ணுக்கு முன்கூட்டியே தெரியும். இதற்கு மட்டும் வெள்ளனப் போகத்தான் வேண்டும், அதனால் ஞாயிற்றுக்கிழமை மகனை எழுப்புங்கள். வெளிச்சம் குறைவு என்பதால் ஐஎஸ்ஓவை (கேமரா வெளிச்சத்தை உணரும் அளவு) 1600-க்கு ஏற்றி, ஷட்டர் வேகம் 1/125 நொடிக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

லோதி தோட்டத்துக்கும் ஆசை இருந்தால் போங்கள், தப்பில்லை. கல்லறை மாடங்களைவிட அவற்றின் நிழலில் யோகா செய்கிறவர்களும் ஸ்வெட்டர் போட்ட நாய்களும் நல்ல படமாவார்கள்.

கூச்சத்துக்கு வருவோம். ஹோமாய் வியாரவாலா என்று ஒரு பார்சிப் பெண்மணி இருந்தார். 1913-ல் குஜராத்தின் நவ்சாரியில் பிறந்தவர், இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர். 1942-ல் டெல்லிக்கு வந்து, சேலை கட்டிக்கொண்டு, கேமராவோடு சைக்கிள் மிதித்துப் போய்ப் படம் எடுத்தவர். 1947 ஆகஸ்ட் 16 அன்று செங்கோட்டையில் கொடி ஏறியதை எடுத்தவர்களில் அவரும் ஒருவர். ஆண்கள் கூட்டத்தில் சேலையோடு ஒருத்தி கேமரா தூக்கி நின்றால் அந்தக் காலத்தில் எத்தனை கண் திரும்பியிருக்கும்! உங்களைப் பார்க்கப்போவது ஒரு டீக்கடைக்காரரும் இரண்டு பூக்காரர்களும்தான். "பையா, ஏக் ஃபோட்டோ?" என்று கேமராவைத் தூக்கிக் காட்டுங்கள். தலையாட்டினால் எடுங்கள், கையை அசைத்தால் கும்பிட்டுவிட்டு நகருங்கள். எடுத்ததைத் திரையில் காட்டுங்கள். அடுத்த வாரம் அதையே பிரிண்ட் போட்டுக் கொடுத்தால் பக்கத்துக் கடைக்காரர் தானாகவே வந்து நிற்பார். முப்பது வருஷம் வகுப்பைக் கட்டி மேய்த்தவருக்கு இது பெரிய வேலையா? ஒன்று மட்டும்: தெருவோரம் போர்த்திப் படுத்திருப்பவர்களை எடுக்காதீர்கள். தூங்குகிறவரிடம் அனுமதி கேட்க முடியாது.

லென்ஸ். டெல்லிக்காக வாங்க வேண்டாம். காஷ்மீரி கேட் பக்கம் யமுனா பஜார் படித்துறையில் குளிர்காலத்துக்கு வரும் கடற்பறவைகளை எடுக்கப் பெரிய லென்ஸ் வேண்டும் என்று யாராவது சொல்லலாம். தேவையே இல்லை, அவை கைக்கெட்டும் தூரத்தில் வரும். படகில் போகிறவர்கள் காராசேவை அள்ளி அள்ளி வீசுகிறார்கள், அதற்குத்தான் வருகின்றன. பறவைக்குப் போடுகிற தீனியா அது? சாத்தூர்க்காரர்களே ஒத்துக்கொள்ள மாட்டார்கள். நீங்கள் போட வேண்டாம். கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கு அடிக்கடி போகிற எண்ணம் இருந்தால், தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் காட்டும் 70-300 லென்ஸ் ஒன்று வாங்கலாம், அங்கே பறவைகள் தள்ளித்தான் நிற்கும். அதுவும் ஊர் திரும்பிய பிறகு. இப்போது செலவழிக்க வேண்டியது ஒரு கூடுதல் பேட்டரிக்கு மட்டும், ஏனென்றால் குளிரில் சார்ஜ் சீக்கிரம் இறங்கும். வெளியிலிருந்து ஹீட்டர் போட்ட அறைக்குள் வந்ததும் கேமராவை உடனே எடுக்காதீர்கள், கண்ணாடியில் நீர் கோத்துவிடும். பையை மூடியபடியே அரைமணி நேரம் வைத்துவிட்டுத் திறங்கள்.