பலகையின் முதல் வரி

கேள்வி (குரோம்பேட்டை வாசகர்): இரண்டு உலகப் போரிலும் ஜெயித்த பக்கம்தானே பிரிட்டன் இருந்தது? அப்புறம் எப்படி உலக நாட்டாமை அமெரிக்கா கைக்குப் போனது? இவர்கள் நண்பர்களா, எதிரிகளா?

பதில்: பங்காளிகள். கல்யாணப் பந்தலிலும் வந்து நிற்பார்கள், வரப்புத் தகராறிலும் வந்து நிற்பார்கள். பிரிட்டனோடு போர் வந்தால் கனடாவுக்குள் எப்படிப் புகுவது என்று அமெரிக்க ராணுவம் 1930 வாக்கில் திட்டமே எழுதி வைத்திருந்தது. 'வார் பிளான் ரெட்' என்று பெயர். பத்தே வருஷம். 1940 செப்டம்பரில் அதே அமெரிக்கா 50 பழைய போர்க்கப்பல்களைப் பிரிட்டனுக்குக் கொடுத்தது; பதிலுக்குக் கரீபியன் பக்கத்துத் தீவுகளில் தளம் போட 99 வருஷக் குத்தகை வாங்கிக்கொண்டது. உதவிதான், ஆனால் பத்திரம் எழுதிக்கொண்டு செய்த உதவி.

போர் முடிந்தபோது பிரிட்டன் கையில் காசில்லை. நமக்கே 100 கோடி பவுண்டுக்கு மேல் பாக்கி வைத்திருந்தார்கள். பொருளாதார மேதை கீன்ஸ் வாஷிங்டனுக்குப் போய் மாதக்கணக்கில் பேசினார். இனாமாகவே தருவார்கள் என்று நம்பிப் போனவருக்குக் கிடைத்தது 375 கோடி டாலர் கடன், 2 சதவிகித வட்டி. வட்டி சல்லிசு, நிபந்தனைதான் கழுத்தைப் பிடித்தது. வியாபாரத்தில் பவுண்டு சம்பாதித்தவர்கள் கேட்டால் டாலராக மாற்றித் தர வேண்டும். 1947 ஜூலையில் கவுன்ட்டரைத் திறந்தார்கள். எல்லோரும் டாலர் கேட்டு நின்றார்கள். ஐந்து வாரத்தில் இழுத்து மூடினார்கள்.

1956 சூயஸ் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும்: சூயஸ் கால்வாயை எகிப்து அரசுடைமை ஆக்கியது, அதை மீட்கப் பிரிட்டன் படை அனுப்பியது. படையோடு இறங்கிய பிரிட்டனை அடக்க அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவர் ஒரு சிப்பாயைக்கூட அனுப்பவில்லை. பவுண்டு ஆட்டம் கண்டு, சர்வதேச நிதியத்தின் பணம் தேவைப்பட்டபோது அமெரிக்கா கையை விரித்தது. நவம்பர் 6-ல் சண்டை நின்றது, ஜனவரியில் பிரதமர் ஈடன் வீட்டுக்குப் போனார்.

நான் பார்த்தது அதற்கப்புறம் நடந்த வால் பகுதி. 1972-ல் பாரிமுனையில் ஒரு வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவில் சேர்ந்தேன். காலையில் போனதும் கரும்பலகையில் ரேட் எழுத வேண்டும். முதல் வரி பவுண்டு, அதற்குக் கீழேதான் டாலர். ரூபாயைப் பவுண்டோடு கட்டி வைத்திருந்த காலம் அது: 1 பவுண்டுக்கு 18.9677 ரூபாய். கல்யாண நாள் மறந்தாலும் அந்த நாலு தசமமும் எனக்கு மறக்காது. (வீட்டில் இந்தப் பக்கத்தைப் படிப்பதில்லை என்ற தைரியம்.)

பெரியமேட்டுத் தோல் மண்டியிலிருந்து ஒரு பாய் வருவார். லண்டனோடு மூன்று தலைமுறை வியாபாரம். 1975 வெயிலில் குடையை மடக்கிக்கொண்டே கேட்டார்: "சார், ஹாம்பர்க்காரன் டாலர்ல தர்றேங்கிறான். லண்டன்காரன்கிட்ட எப்படிச் சொல்றது?" பவுண்டு வாராவாரம் இறங்கிக்கொண்டிருந்தது. நான் வெறும் கிளார்க். "மேனேஜரைக் கேளுங்க பாய்" என்றேன். அடுத்த மாதம் வந்த பில்களில் பாதி டாலரில் இருந்தன. செப்டம்பரில் அரசாங்கமும் பாய் வழிக்கு வந்தது: ரூபாயைப் பவுண்டிலிருந்து அவிழ்த்து, பல நாணயங்களின் கூடையில் போட்டார்கள். பலகையில் மட்டும் பவுண்டுதான் முதல் வரி. மாற்றச் சொல்லி எங்களுக்குச் சுற்றறிக்கை வரவில்லையே!

கேள்வி (பெரம்பூர் வாசகி): அந்த அமெரிக்கக் கடனைப் பிரிட்டன் அடைத்ததா?

பதில்: அடைத்தது. நடுவில் ஆறு வருஷம் தவணை தள்ளிப்போட்டு, கடைசித் தவணையை 2006 டிசம்பர் கடைசியில் கட்டியது. நான் வி.ஆர்.எஸ். (விருப்ப ஓய்வு) வாங்கி வீட்டில் உட்கார்ந்து சில வருஷம் ஆகியிருந்தது. பேப்பரில் படித்ததும் பாய் ஞாபகம்தான் வந்தது. அவர் இல்லை, ஃபோனை மகன் எடுத்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"அப்படியா சார்? லண்டன் பார்ட்டி வாப்பாவுக்கு வெச்ச ஒரு பில் இன்னும் பாக்கி நிக்குது. அதையும் சேர்த்துக் கட்டிட்டானான்னு பாருங்க" என்றார்.