ஸ்பீக்கர் மாற்றும் முன் பென்டிரைவைப் பாருங்கள்

கேள்வி: செகண்ட் ஹேண்டில் ஒரு கார் வாங்கினேன். பென்டிரைவ் நிறையப் பாட்டு இருக்கிறது, ஆனால் வால்யூமைக் கூட்டினால் தகர டப்பாவைத் தட்டுகிற மாதிரி இருக்கிறது. ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர் இரண்டையும் மாற்றச் சொல்கிறார் கடைக்காரர். மாற்றிவிடட்டுமா? (நாமக்கல் வாசகர்)

பதில்: கொஞ்சம் பொறுங்கள் சார். முதலில் பென்டிரைவைக் கம்ப்யூட்டரில் செருகி, 5 நிமிடம் ஓடுகிற ஒரு பாட்டு எத்தனை எம்பி இருக்கிறது என்று பாருங்கள். 5 எம்பி பக்கம் இருந்தால் அது 128 கேபிபிஎஸ் எம்பி3, அதாவது ஒரு நொடிப் பாட்டுக்கு 128 கிலோபிட் தகவல்தான். 12 எம்பி இருந்தால் 320. அதே பாட்டு சிடியில் 50 எம்பிக்கு மேல் இடம் பிடிக்கும். 128-இல் முதலில் அடிபடுவது சிம்பலும் ஜால்ராவும்தான், தண்ணீருக்குள்ளிருந்து கேட்கிற மாதிரி ‘ஷ்ஷ்’ என்று கரைந்துபோகும். அதை ஏதோ ஒரு ஆப்பில் போட்டு 320 ஆக்கிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், தண்ணீர் கலந்த பாலைப் பெரிய சொம்பில் ஊற்றினால் கெட்டியாகிவிடுமா? நானும் அவசரப்பட்டு ஸ்பீக்கர் மாற்றியவன்தான். புது ஸ்பீக்கர் போட்டேன், பாட்டில் இருந்த குறையெல்லாம் இன்னும் தெளிவாகக் கேட்டது, அவ்வளவுதான் பலன்.

அதனால் பிடித்த 10 பாட்டை மட்டும் காசு கொடுத்து நல்ல தரத்தில் வாங்கியோ, வீட்டில் கிடக்கிற சிடியிலிருந்து எடுத்தோ போட்டுக் கேளுங்கள். ஸ்டீரியோ ஃபிளாக் (தரம் குறையாமல் சுருக்குகிற ஃபைல் வகை) படிக்குமென்றால் அதிலேயே போடலாம். ப்ளூடூத்தில் கேட்டால் பாட்டு இன்னொரு தடவை சுருக்கப்பட்டுத்தான் போகும், யுஎஸ்பியில் அந்தத் தொல்லை இல்லை.

அப்புறம் அந்த பேஸ் குமிழ், ‘டம் டம்’ என்கிற கனத்த ஓசையைக் கூட்டுவது. முந்தின ஓனர் கடைசி வரைக்கும் திருகி வைத்திருப்பார், எதற்கும் பாருங்கள். பேஸை 6 டெசிபல் ஏற்றினால் அந்த ஓசைக்கு மட்டும் நான்கு மடங்கு பவர் வேண்டும். அட்டைப்பெட்டியில் 50x4 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தாலும், சாதாரண ஸ்டீரியோ ஒரு ஸ்பீக்கருக்குத் தொடர்ந்து தருவது 20 வாட் பக்கம்தான், அதற்கு மேல் கேட்டால் பாவம் அது எங்கே போகும், ஓசையின் முகட்டை வெட்டிவிடும். உங்கள் தகர டப்பா பெரும்பாலும் இதுதான். எல்லாவற்றையும் பூஜ்யத்தில் வைத்துவிட்டு, போனில் தனியாக ஈக்வலைசர் (ஓசைகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கிற வசதி) இருந்தால் அதையும் அணைத்துவிட்டுக் கேளுங்கள். இத்தனைக்கும் பிறகு இரைந்தால், கடைக்காரர் சொல்வது சரி. அப்போதும் முன் கதவு ஸ்பீக்கர் இரண்டை மாற்றினால் போதும், ஆம்ப் அப்புறம் பார்க்கலாம்.

கேள்வி: போனை ஆக்ஸ் ஒயரில் மாட்டினால் ‘ஙொய்’ என்று ஒரு சத்தம். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் அதுவும் ஏறுகிறது. (ஓசூர் வாசகி)

பதில்: போன் சார்ஜில் இருக்கிறதா? சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றுவிட்டால் அது கிரவுண்ட் லூப். எஞ்சினோடு சுற்றி மின்சாரம் தருகிற ஆல்டர்னேட்டரின் இரைச்சல் சார்ஜர் வழியாகப் பாட்டுக்குள் வந்துவிடுகிறது. கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் என்று ஒரு சின்ன டப்பா விற்கிறது, ஆக்ஸ் ஒயருக்கு நடுவில் மாட்டினால் போதும்.

கேள்வி: 64 ஜிபி பென்டிரைவை ஸ்டீரியோ கண்டுகொள்ளவே மாட்டேன் என்கிறது! (காரைக்குடி வாசகர்)

பதில்: பெரிய பென்டிரைவ்கள் பலவும் எக்ஸ்ஃபேட் ஃபார்மட்டில் (ஃபைல்களை அடுக்கி வைக்கிற ஒரு முறை) வருகின்றன, பல பழைய ஸ்டீரியோக்களுக்கு ஃபேட்32 மட்டும்தான் தெரியும். ஒரு 32 ஜிபி வாங்கி ஃபேட்32-இல் ஃபார்மட் செய்து மாட்டுங்கள், படித்துவிடும்.