நடை மட்டும் போதாது, அம்மா

கேள்வி: எனக்கு 68 வயது. தினமும் காலையில் நடக்கிறேன். ஆனாலும் பஸ் படியில் ஏறச் சிரமமாக இருக்கிறது. தரையில் உட்கார்ந்தால் யாராவது கை கொடுத்துத்தான் எழுகிறேன். மகள் ஒரு ஜோடி டம்பெல்ஸ் வாங்கி வந்திருக்கிறாள். இந்த வயதில் வெயிட் தூக்கலாமா? முழங்கால் வலி வேறு இருக்கிறது.
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: தாராளமாகத் தூக்கலாம், அம்மா. நடை இதயத்துக்கு நல்லது, அதை விடாதீர்கள். ஆனால் எழவும் படி ஏறவும் தொடையிலும் இடுப்பிலும் பலம் வேண்டும். நடை மட்டும் அதைத் தந்துவிடாது. வயதாக ஆகத் தசை குறைந்துகொண்டே போகும். பழக்கப்பட்டதைவிடச் சற்று அதிகப் பாரம் கொடுத்தால்தான் அது திரும்ப வலுப்படும்.

வயதை நினைத்துத் தயங்க வேண்டாம். அமெரிக்காவின் பாஸ்டனில், முதியோர் இல்லத்தில் இருந்த, சராசரியாக 90 வயதான 10 பேருக்கு 8 வாரம் கால்களுக்கு எடைப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். முடித்த 9 பேரின் கால் பலமும் சராசரியாக இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. 1990இல் வெளிவந்த ஆய்வு இது. 68 எல்லாம் ஒரு வயதே இல்லை!

டம்பெல்ஸ் கொஞ்ச நாள் ஓரமாக இருக்கட்டும். முதலில் நாற்காலி. பிளாஸ்டிக் வேண்டாம், சறுக்கும். கனமான மர நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்து, மெதுவாக உட்காருங்கள். தொப்பென்று விழக் கூடாது; மெல்ல இறங்கும்போதுதான் தொடைக்கு நல்ல வேலை. முடியவில்லையா? ஒரு தலையணையைப் போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். எட்டுப் பத்து முறை செய்து, இரண்டு நிமிடம் ஓய்வெடுத்து, இன்னொரு சுற்று. கைகளுக்கு, சுவரில் உள்ளங்கைகளை ஊன்றித் தள்ளும் பயிற்சி. வாரத்தில் இரண்டு நாள் போதும், நடுவில் இடைவெளி விட்டு. 12 முறை சுலபமாக வந்துவிட்டால், அப்புறம் டம்பெல்ஸைக் கையில் எடுங்கள். மூச்சை மட்டும் அடக்காதீர்கள், பிரஷர் ஏறும். வாய்விட்டு எண்ணிக்கொண்டே செய்யுங்கள்.

முழங்கால் தேய்மானத்துக்கு மருத்துவர்களே தொடைப் பயிற்சியைச் சொல்வதுண்டு. மறுநாள் தசை வலிப்பது சகஜம். மூட்டில் சுருக்கென்று வலித்தாலோ, நெஞ்சு அழுத்தினாலோ, தலை சுற்றினாலோ உடனே நிறுத்துங்கள். இதய நோயோ, கட்டுக்குள் வராத பிரஷரோ இருந்தால் மருத்துவரைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

சாப்பாட்டையும் கவனியுங்கள். இரண்டு இட்லியும் காபியும் மட்டும் சாப்பிட்டால் தசைக்குப் போதாது. சுண்டல், பருப்பு, தயிர், முட்டை என ஏதாவது ஒன்று ஒவ்வொரு வேளையும் இருக்கட்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் எவ்வளவு சாப்பிடலாம் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.